நல்லாத்தானே இருக்கு!

(பால்மாடு வளர்க்கும் குடும்பங்களுக்காகப் பிள்ளை மடுவத்தில் நடந்த கூட்டத்தில் நலன்புரிப் பகுதியினர் ஆற்றிய பேச்சு)



ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் உங்களுக்கு ஓய்வு. விறகுக்குப் போக வேண்டும், துணி துவைக்க வேண்டும், தலைக்கு ஊத்த வேண்டும். அதையெல்லாம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. பின்னேரக் கறவைக்கு முன்னால் உங்களை அனுப்பிவிடுவோம்.

போன வருஷம் நடந்த விஷயம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அதில் எங்கள் தப்பும் இருப்பதால் நாங்களே சொல்வதுதான் நியாயம்.

கீழ் டிவிசனில் ஒரு அக்கா கடன் எடுத்து ஜெர்சிக் கலப்பு மாடு ஒன்று வாங்கினாங்க. தலைச்சன் சினை, 7 மாசம். வியாபாரி லொறியில் கொண்டுவந்து இறக்கினார். நாங்களும் போய்ப் பார்த்தோம். பல்லைப் பார்த்தோம், மடியைப் பார்த்தோம், காம்பு நாலையும் இழுத்துப் பார்த்தோம். தோல் பளபளவென்று இருந்தது. கடன் பத்திரத்தில் "மாடு ஆரோக்கியமானது" என்று ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் நாங்கள்தான் கையெழுத்துப் போட்டோம். லெட்சுமி என்று பேரும் வைத்தாங்க.

லெட்சுமி நல்லபடியாகக் கன்று ஈன்றது. 12ஆம் நாள் பால் பாதியாகக் குறைந்தது. கன்று அதிகமாகக் குடித்துவிட்டது என்று நினைத்தாங்க. மறுநாள் புல்லைத் தொடவில்லை. சூடு என்று சொல்லி ஒருத்தர் கசாயம் காய்ச்சி ஊத்தினார். மூன்றாம் நாள் விடியக்காலம் மூத்திரம் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனது. அந்த அக்கா பெரட்டுக்குப் போகாமல் எங்களிடம் ஓடிவந்தாங்க. டொக்டர் ஐயா வேறு தோட்டத்தில் ஒரு பிரசவக் கேஸில் நின்றார். அவர் வந்து சேரும்போது பின்னேரம். மாடு படுத்துவிட்டது. அவர் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தார், ஊசியும் போட்டார். ராத்திரி லெட்சுமி செத்துப்போனது. கடன் மட்டும் இன்னும் சம்பளத்தில் கழிபடுகிறது.

கண்ணாடித் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு டொக்டர் சொன்ன பேர் பபேசியா. நம்ம ஆட்கள் உண்ணிக் காய்ச்சல் என்பாங்க, சிவப்பு மூத்திரக் காய்ச்சல் என்றும் சொல்வாங்க. அவர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் எங்களை உலுக்கியது. "இது உங்க பட்டியில புதுசா வந்ததுன்னு மட்டும் நினைக்காதீங்க. வாங்கும்போதே ரத்தத்துக்குள்ள இருந்திருக்கலாம்." அதாவது நாங்கள் பல்லையும் மடியையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அது உள்ளே இருந்திருக்கலாம்.

இது எப்படி நடக்கும்? கொஞ்சம் விபரமாகச் சொல்கிறோம்.

உண்ணி வேறு, ஒட்டுண்ணி வேறு. பேர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறாங்க. உண்ணி நம்ம கண்ணுக்குத் தெரியும். காது மடலிலும் வால் அடியிலும் மடிக்கும் தொடைக்கும் நடுவிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுண்ணி கண்ணுக்குத் தெரியாது. உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு மாட்டின் ரத்தத்துக்குள் போகும். போய், ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களுக்குள் குடியேறிப் பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த அணுவுக்குள் போகும். அணுக்கள் கூட்டமாக உடையும்போது அந்தச் சிவப்புச் சாயம் மூத்திரத்தில் இறங்குகிறது. மூத்திரம் தேத்தண்ணி நிறமாவது அதனால்தான். அந்த நேரம் மாட்டின் உடம்பில் ரத்தம் ஏற்கனவே பாதி வற்றியிருக்கும்.

ஊசி மருந்தினாலோ தன் சொந்தப் பலத்தாலோ மாடு பிழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்க. ஒட்டுண்ணி எல்லாம் செத்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. கொஞ்சம் மிச்சம் ரத்தத்திலே தங்கிவிடும். மாட்டின் உடம்பு அதை அடக்கி வைத்திருக்கும். மாடு தின்னும், அசைபோடும், பால் கொடுக்கும். மாசக் கணக்கில், சில நேரம் வருஷக் கணக்கில் இப்படியே போகும். கன்று ஈனும் நேரம், லொறியில் நாள் முழுக்க நின்று வரும் நேரம், தீனி குறையும் நேரம், வேறு நோய் வரும் நேரம், இப்படி உடம்பு தளரும்போது உள்ளே அடங்கியிருந்தது தலைதூக்கும். லெட்சுமிக்கு லொறிப் பயணம், புது இடம், தலைச்சன் பிரசவம் மூன்றும் இரண்டே மாசத்துக்குள் வந்தன.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அப்படி அடங்கிய மாட்டைக் கடித்த உண்ணியின் குஞ்சுகள் பக்கத்து மாட்டைக் கடித்தால் அதற்கும் போகும். உண்ணிப் பெட்டை ரத்தம் குடித்து மொச்சைக்கொட்டை மாதிரி ஊதி, கீழே விழுந்து, பட்டிச் சுவர் வெடிப்பிலோ புல் அடியிலோ 2000, 3000 முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். தாய் குடித்த ஒட்டுண்ணி அந்த முட்டைக்குள்ளேயே போய்விடுகிறது. பொரிந்த குஞ்சுகள் புல் நுனியில் ஏறி மாடு வரும்வரை காத்திருக்கும். ஆக, ஒரு தடவைகூட மாடு மாடாக முட்டாமலே, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நோய் நடந்து போகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு "நல்லாத்தானே இருக்கு" கதைதான். அமெரிக்காவில் தெற்கே டெக்சாஸ் பக்கத்து மாடுகளை வடக்கே ஓட்டிப் போவாங்க. ஓட்டிப்போன மாடுகள் கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் அவை நடந்துபோன வழியில் மேய்ந்த உள்ளூர் மாடுகள் சில வாரத்தில் கூட்டம் கூட்டமாகச் சாகும். வடக்கத்தி ஆட்கள் துப்பாக்கியோடு வழியை மறித்தாங்க. தெற்கத்தி வியாபாரிகளோ, "எங்க மாட்டைப் பாருங்க, ஒரு சீக்கும் இல்லையே" என்றாங்க. இரண்டு பக்கமும் சொன்னது உண்மை. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு பேர் வருஷக் கணக்காக வேலி கட்டி மாடுகளைப் பிரித்து வைத்து, உண்ணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, நோயைச் சுமப்பது உண்ணிதான் என்று 1893இல் எழுதி வெளியிட்டாங்க. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவை ரொனால்ட் ரொஸ் செகந்திராபாத்தில் கண்டது அதற்கு 4 வருஷம் கழித்துத்தான்.

"அதெல்லாம் சூட்டுப் பக்கத்துக் கதை, நம்ம குளிருக்கு உண்ணி நிற்காது" என்று இங்கே பெரியவங்க சொல்வதைக் கேட்டிருக்கிறோம். குளிரில் உண்ணி குறைவு, அது சரி. ஆனால் கீழே இருந்து மாடு வரும்போது உண்ணியும் ஒட்டுண்ணியும் சேர்ந்தே வருகிறதே! கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒபிஹிரோ பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. நம்ம நுவரெலியாவும் அடங்க 4 மாவட்டங்களில் 316 மாடுகளின் ரத்தத்தைப் பார்த்தாங்க. 231 மாடுகளில் ஏதாவது ஒரு ரத்த ஒட்டுண்ணியாவது இருந்தது. 100க்கு 73. அத்தனை மாடும் சீக்காய்ப் படுத்திருந்தால் நாட்டில் பாலே கிடைத்திருக்காது. யோசித்துப் பாருங்க.

இன்னும் ஒரு சங்கடம். நாட்டு மாடு பல தலைமுறையாக இதோடு வாழ்ந்து பழகியது, தாக்குப்பிடிக்கும். கன்றுக்குட்டிக்கும் ஏழெட்டு மாசம் வரை பபேசியா வந்தால் பெரும்பாலும் லேசாகப் போய்விடும், பிறகு அந்த மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி நிற்கும். நம்ம மேட்டுத் தோட்டங்களில் இருப்பதோ பிரீசியன், ஜெர்சி, அயர்சயர் கலப்பு. உண்ணியே காணாமல் வளர்ந்த பசுவுக்கு, பெரிசானபிறகு முதல் தடவையாக வந்தால் அது தாங்காது. குளிர் நம்மைக் காப்பாற்றுகிறது என்று நாம் நினைக்கிறோம். அந்தக் குளிரே நம்ம மாட்டைப் பழக்கமில்லாததாக ஆக்கியும் வைத்திருக்கிறது.

சரி, உள்ளே ஒளிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வழி கண்ணாடித் தடவல். டொக்டர் காது நுனியில் ஊசியால் குத்துவார். கழுத்து நரம்பு ரத்தத்தைவிடக் காது நுனி ரத்தத்தில் பபேசியா அகப்படுவது சுலபம். ஒரு சொட்டைக் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பாங்க. மலேரியாவுக்கு நம்ம விரலில் குத்தி எடுத்தாங்களே, அதே வேலைதான். காய்ச்சல் அடிக்கிற மாட்டில் இது நன்றாகக் காட்டிக் கொடுக்கும். ஆனால் மருந்து ஊசி போடுமுன் எடுக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் வந்து ஊசி போட்டபிறகு டொக்டரைக் கூப்பிட்டால், அவர் கண்ணாடியில் என்னத்தைப் பார்ப்பார்?

ஒளிந்திருக்கும் மாட்டில் கண்ணாடி ஏமாற்றிவிடும். கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்க. கணக்கப்பிள்ளை சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி முத்தல் இலை இருக்கா என்று பார்க்கிறார். சாக்கில் பாதி முத்தல் என்றால் அந்தக் கைப்பிடியிலேயே தெரியும். சாக்கு முழுக்க நாலே நாலு முத்தல் இலை என்றால்? கைப்பிடியில் வராது. அதனால் சாக்கில் இல்லை என்று சொல்ல முடியுமா? டொக்டர் பார்க்கும் கண்ணாடியும் அந்தக் கைப்பிடிதான். "கண்ணாடியில் ஒன்றும் இல்லை" என்றால் "மாட்டில் ஒன்றும் இல்லை" என்று அர்த்தமில்லை.

இரண்டாவது வழி உங்களுக்கு நல்லாத் தெரிந்த பேர்: பிசிஆர். 2020இல் கொரோனா வந்தபோது மூக்கில் குச்சி விட்டு எடுத்தாங்களே, அந்த முறைதான். அப்போது காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லாமல் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக்கூட "இருக்கு" என்று வந்தது ஞாபகம் இருக்கும். ரத்தத்தில் ஒட்டுண்ணியின் மரபுப்பொருள் துளி கிடந்தாலும் இந்தச் சோதனை அதைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்து, கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெருக்கிவிடும். நாலு முத்தல் இலையை நாலு கோடியாக்கிக் காட்டுகிற மாதிரி. 316 மாட்டின் கணக்கும் இப்படித்தான் கிடைத்தது. இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டும், செலவு உண்டு, நம்ம பட்டியில் நிற்கும் எல்லா மாட்டுக்கும் செய்ய முடியாது. அவசியம் என்று டொக்டர் நினைக்கும் மாட்டின் ரத்தம்தான் குழாயில் அடைத்துப் போகும்.

மூன்றாவது வழி உங்கள் கையில் இருக்கிறது. இதைத்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

மாட்டின் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பாருங்க. உள்பக்கம் ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். வெளிறிக் காகிதம் மாதிரி இருந்தால் ரத்தம் குறைகிறது. மஞ்சள் தட்டினால் இன்னும் மோசம். நல்லா இருக்கும்போதே பார்த்துப் பழகினால்தான் கெடும்போது வித்தியாசம் தெரியும். தினமும் கறக்குமுன் ஒரு நிமிஷம் போதும். அடுத்தது, காய்ச்சல் கம்பி. நூல் கட்டி ஆசனவாயில் 2 நிமிஷம் வைத்தால், நல்ல மாட்டுக்கு 101க்கும் 102.5க்கும் நடுவில் காட்டும். கன்று ஈன்ற பிறகு முதல் ஒரு மாசம் தினமும் பார்த்து எழுதுங்க. 104 என்றால் அன்றைக்கே ஆளை அனுப்புங்க. நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீங்க.

மூத்திரம் சிவக்கும்வரை காத்திருப்பதுதான் நம்ம பெரிய தப்பு. பபேசியாவில்தான் சிவக்கும். அதுவும் பிந்தித்தான். உண்ணியோடு வரும் இன்னொரு கிருமி அனாபிளாஸ்மா. அதில் மூத்திரம் சிவக்கவே சிவக்காது. மாடு வெளிறும், மஞ்சள் தட்டும், மெலியும், சாணம் இறுகும். தப்பிய மாட்டில் அது பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். தைலேரியா என்று மூன்றாவது ஒன்று. அதில் ஒரு வகை சாதுவானது, இன்னொரு வகையில் தோளுக்கு முன்னால் நெறிகட்டி எலுமிச்சங்காய் மாதிரி வீங்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு உள்ள ஊசியை இன்னொன்றுக்குப் போட்டால் காசும் போகும், நாளும் போகும், மாடும் போகும். ரத்தத்தைப் பார்க்காமல் பேர் சொல்ல முடியாது என்று டொக்டர் ஐயா கோபித்துக்கொள்வது இதற்காகத்தான்.

ஊசி என்றதும் ஒன்று. ஒரே ஊசியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் குத்தும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அனாபிளாஸ்மா உண்ணி இல்லாமலே அந்த ஊசி முனையில் ஏறி அடுத்த மாட்டுக்குப் போகும். கொம்பு சுடும், அறுக்கும் ஆயுதமும் அப்படியே. ஊசி போட்டபின் எத்தனை நாளைக்குப் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊத்தக்கூடாது என்பதையும் டொக்டரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்க. பாலைப் பற்றிப் பயப்படவும் வேண்டாம். இந்த ஒட்டுண்ணிகள் பால் வழியாக நம்ம பிள்ளைகளுக்குத் தொற்றுவதில்லை. மருந்துதான் பாலில் இறங்கும்.

உண்ணியைக் கையால் பிடுங்கினால் தரையில் போட்டு மிதிக்காதீங்க, மண்ணெண்ணெய் ஊத்திய டின்னில் போடுங்க. மரக்கறித் தோட்டத்துப் பூச்சி மருந்தை மாட்டு மேல் தெளிப்பதை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். அது உண்ணியைக் கொல்லுமோ என்னவோ, மாட்டையும் தெளிக்கிற ஆளையும் கொல்லும். மாட்டுக்கென்று உள்ள மருந்தை டொக்டர் சொல்லும் அளவில் கலக்குங்க. ரோட்டோரம் அடுத்தவங்க மாடு மேயும் இடத்துப் புல்லை அறுத்துக் கட்டிக்கொண்டு வந்தால் உண்ணிக் குஞ்சும் கட்டோடு வரலாம். வீட்டுக்குப் பின்னால் நேப்பியர், சீஓ 3 வைத்தவங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

மாடு வாங்கப் போகிறவங்களுக்கு: காசு கைமாறுமுன் டொக்டரைக் கொண்டு ரத்தம் பார்க்கச் சொல்லுங்க. வியாபாரி அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்க, வேறு மாடு கிடைக்கும். வந்த மாட்டை இரண்டு, மூன்று வாரமாவது தனியாகக் கட்டி, உண்ணி பார்த்து, காய்ச்சல் பாருங்க. நாங்களும் கடன் பத்திரத்தில் இனிமேல் டொக்டரின் கடதாசி இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இதனால் பத்து நாள் சுணங்கும். சுணங்கட்டும். எங்களைத் திட்டாதீங்க.

பேச்சு முடியுமுன்னே பின்னால் ஒரு தம்பி கை தூக்கினார். அவர் கேட்டது நல்ல கேள்வி: "ரத்தத்துல இருக்குன்னு வந்துட்டா அந்த மாட்டை என்னங்க செய்யிறது? சத்தமில்லாம வித்துடலாமா?"

தம்பி, அப்படி ஒருத்தர் சத்தமில்லாமல் விற்றதுதான் லெட்சுமியாகக்கூட இருக்கலாம். யார் என்று நமக்குத் தெரியாது, அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். ரத்தத்தில் இருக்கிறது என்பதற்காக மாடு கெட்டுப்போன மாடு ஆகிவிடாது. நல்ல தீனி, உண்ணி இல்லாத பட்டி, கன்று ஈனும் நேரத்தில் கவனம், இவை இருந்தால் அது பல ஈற்றுக்குப் பால் கொடுக்கும். மருந்து போடுவதா விடுவதா என்பதை டொக்டர் சொல்வார். அடங்கியிருக்கும் எல்லா மாட்டுக்கும் ஊசி தேவைப்படுவதில்லை. விற்கத்தான் வேண்டுமென்றால் சொல்லி விற்க வேண்டும். விலை குறையும், உண்மைதான். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதே பட்டியில் லெட்சுமிக்குப் பக்கத்தில் கருப்பி என்று அந்த அக்காவின் பழைய மாடு நின்றது. லெட்சுமி செத்த மறுநாள் டொக்டர் கருப்பியின் காதிலும் குத்திப் பார்த்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. அவர் விடவில்லை, குழாயில் ரத்தம் எடுத்து அனுப்பினார். சில வாரம் கழித்துப் பதில் வந்தது: இருக்கிறது. கருப்பி அன்றைக்கும் அசைபோட்டுக்கொண்டுதான் நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. இப்போது 8 மாசச் சினை. பட்டிச் சுவர் வெடிப்பை அக்காவின் மகன் சீமெந்து பூசி அடைத்துவிட்டார். காய்ச்சல் கம்பியும் ஒரு கொப்பியும் கூரை மரத்தில் தொங்குகின்றன. டொக்டர் ஐயா வருகிற புதன்கிழமை கருப்பியைப் பார்க்க வருகிறார். காது நுனியில் ரத்தம் எடுப்பதையும் இமை பார்ப்பதையும் நேரில் பார்க்க விரும்புகிறவங்க பின்னேரம் 2 மணிக்குக் கீழ் டிவிசன் பட்டிக்கு வாங்க. உங்க மாட்டையும் காட்ட வேண்டுமென்றால் இன்றைக்கே பேர் கொடுத்துவிட்டுப் போங்க.